இம்பால், மொரே, கொஹிமா: சோறு தீர்ந்த போர்

நவம்பர் 12, 2019, செவ்வாய் – இம்பால்

இங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஐந்தரைக்கு நல்ல இருட்டு. ஆறரைக்குப் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. ஏழு மணிக்கு நானும் மாமாவும் ஆளில்லாத தெருவில் சாப்பாட்டுக் கடை தேடி நடந்துகொண்டிருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. விருதுநகர்க்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேதாஜி கொடி ஏறிய மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முப்பது வருட ஆசை. எனக்குக் கொஹிமாவின் டென்னிஸ் மைதானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே போர்தான் என்பதால் சேர்ந்து கிளம்பிவிட்டோம்.

இரண்டாம் உலகப் போர் எங்கே திரும்பியது என்று கேட்டால் ஸ்டாலின்கிராட், மிட்வே, எல் அலமேன், நார்மண்டி என்று பாடப் புத்தகத்தில் படித்ததை ஒப்பித்துவிடுவோம். நம் ஊர் எல்லைக்குள்ளேயே ஒன்று நடந்தது பலருக்கு ஞாபகம் வராது. 2013இல் லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம் பிரிட்டனின் மிகப் பெரிய போர் எது என்று வாக்கெடுப்பு நடத்தியது. வாட்டர்லூவும் நார்மண்டியும் பின்னால் போக, முதலிடம் இம்பால்-கொஹிமாவுக்கு.

விஷயம் சுருக்கமாக இதுதான். 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்துவிட்டது. 1944 மார்ச்சில் தளபதி முடகுச்சி மூன்று டிவிஷன்களோடு, சுமார் 85,000 பேர், சிந்த்வின் ஆற்றைத் தாண்டி மணிப்பூருக்குள் வந்தார். இரண்டு டிவிஷன் இம்பாலை வளைப்பது, ஒன்று வடக்கே கொஹிமாவைப் பிடித்து இம்பாலுக்கு வரும் சாலையை அறுப்பது என்பது திட்டம். மூன்று வாரத்துக்கான சாப்பாட்டைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் இம்பாலில் உள்ள பிரிட்டிஷ் கிடங்குகள் கைக்கு வந்துவிடும், அப்புறம் அதையே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. கூடவே ஆயிரக்கணக்கில் மாடுகளையும் ஓட்டி வந்தார்கள். சுமக்கவும் ஆச்சு, அறுத்துத் தின்னவும் ஆச்சு. அதில் நிறைய மாடு ஆற்றிலேயும் மலையிலேயும் போய்விட்டது.

இதை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே போனபோது அவர், "மொதல்ல நம்ம சாப்பாட்டைப் பாரு மாப்ளே" என்றார். கடைசியில் ஒரு சந்துக்குள் மூடப்போன கடையில் ஓர் அம்மா அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து, சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஈரோம்பா என்று தட்டை நிரப்பிவிட்டார். ஆளுக்கு 120 ரூபாய். ஈரோம்பா என்பது உருளைக்கிழங்கையும் காய்களையும் மிளகாயோடு மசித்து, ஙாரி என்ற புளித்த மீனைச் சேர்த்துச் செய்வது. வாசனை நம் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மாமா முகத்தைச் சுளித்துவிட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

நவம்பர் 13, புதன் – இம்பால்

காலையில் குளிர் 12 டிகிரி இருக்கும். வெந்நீர் கேட்டால் வாளியில் கொண்டுவந்து தருகிறார்கள், 20 ரூபாய். முதலில் இமா கெய்தெல், அதாவது அம்மாக்களின் சந்தை. ஆயிரக்கணக்கான பெண்கள் மட்டும் உட்கார்ந்து விற்கிறார்கள். கறுப்பரிசி கிலோ 100 சொன்னார் ஒரு பாட்டி. பேரம் பேசாமல் மாமா வாங்கிவிட்டதால் பாட்டிக்கே ஒரு மாதிரி ஆகி, ஒரு கைப்பிடி கூடப் போட்டுக் கொடுத்தார்.

அரிசி என்றால் இந்த ஊர்ப் பெண்களிடம் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1939 டிசம்பர் 12இல் ஊர் அரிசியை வியாபாரிகள் வெளியே ஏற்றுமதி செய்து பஞ்ச விலை ஆக்குகிறார்கள் என்று இந்தப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். நூபி லான், பெண்களின் போர் என்று அதற்கு இன்றும் நினைவுநாள் கொண்டாடுகிறார்கள். உலகப் போர் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே அரிசிக்காக ஒரு போர் நடத்திவிட்ட ஊர். பர்மா விழுந்ததும் அந்தப் பக்கத்து அரிசி வருவது நின்றுபோனது. 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பல காரணங்களில் அதுவும் ஒன்று.

அடுத்து இம்பால் போர்க் கல்லறை. 1,600 கல்லறைகள், நேர்க்கோட்டில், புல் ஒட்ட வெட்டி. நாங்கள் போனபோது எங்களைத் தவிர இரண்டு காதல் ஜோடிகள் மட்டும். இன்னொன்று, ஹட்டா மினுத்தோங் பக்கம் இந்திய ராணுவக் கல்லறை. இதற்கு ஆட்டோக்காரருக்கே வழி தெரியவில்லை. மூன்று பேரிடம் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தோம். முஸ்லிம் சிப்பாய்களும் ஆப்பிரிக்கப் படையினரும் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இந்து, சீக்கியச் சிப்பாய்களை எரித்ததால் கல்லறை கிடையாது, 868 பேரின் பெயர் மட்டும் நினைவுச் சின்னத்தில். தோட்ட வேலை செய்துகொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, நாங்கள் கேட்காமலேயே ஒரு கல்லறைக்கு அழைத்துப்போனார். ஜமேதார் அப்துல் ஹஃபீஸ், ஜாட் ரெஜிமெண்ட், 1944 ஏப்ரல் 6இல் இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றைப் பிடிக்கும்போது செத்தவர், பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். தோட்டக்காரர் கல்லில் விழுந்திருந்த இலையைக் கையாலேயே எடுத்துப் போட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. பீடி மட்டும் வாங்கிக்கொண்டார்.

மாமா பெயர்ப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் தேடிக்கொண்டு நின்றார். நேதாஜியின் படை ஜப்பானோடு சேர்ந்து வந்ததால் அவருக்கு அங்கே ஒரு சங்கடம். "இவங்க இந்தப் பக்கம், நேதாஜி அந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் நம்ம ஆளுதானே?" என்றார். ஆமாம். இம்பாலைக் காத்த 17, 20, 23ஆம் டிவிஷன்கள் மூன்றுமே இந்திய டிவிஷன்கள்தான். பாதிச் சண்டைக்குமேல் பஞ்சாபியும் கூர்க்காவும் டோக்ராவும் ஜாட்டும் போட்டது.

மதியம் நுங்ஷிகும் மலை. ஊருக்கு வடகிழக்கே வயலுக்கு நடுவில் எழும்பி நிற்கிறது. சமவெளியிலிருந்து ஆயிரம் அடி. அதன்மேல் ஜப்பான்காரர்கள் உட்கார்ந்துவிட்டால் இம்பால் விமானத்தளங்கள் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். 1944 ஏப்ரல் 13இல் டோக்ராக்களோடு டாங்கிகளையும் இந்தச் செங்குத்தில் ஏற்றினார்கள். டாங்கி ஏறும் என்று மேலே இருந்தவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் சரிவு அப்படி இருந்ததால் உள்ளே இருந்தபடி வழி பார்க்க முடியாமல் அதிகாரிகள் மூடியைத் திறந்து தலையை நீட்ட வேண்டி வந்தது. போன அதிகாரிகள் அத்தனை பேரும் செத்தார்கள் அல்லது அடிபட்டார்கள். மிச்ச வேலையை ஒரு சார்ஜண்ட் மேஜர் முடித்தார். நாங்கள் அடிவாரத்திலிருந்து கால்வாசி ஏறியதும் மாமாவின் முழங்கால் பேச ஆரம்பித்தது. இறங்கிவிட்டோம்.

திரும்பும் வழியில் கொய்ரெங்கேய் பழைய ஓடுதளம். இரண்டு பையன்கள் அதில் ஸ்கூட்டி பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது நுங்ஷிகும்மைவிடப் பெரிய இடமாகப்பட்டது. சாலை அறுந்த பிறகு இம்பால் பிழைத்தது இந்த மாதிரி ஓடுதளங்களால்தான். பர்மாவின் மேற்குக் கரையான அராக்கானிலிருந்து ஐந்தாவது இந்திய டிவிஷனையே, பீரங்கி, கோவேறு கழுதை எல்லாம் சேர்த்து, விமானத்தில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். முற்றுகைக் காலத்தில் வானத்தில் வந்தது சுமார் 19,000 டன் பொருள். இந்தப் பக்கம் தினமும் சாப்பாடு வந்து இறங்கியது, அந்தப் பக்கம் வரவே இல்லை. இதைச் சொன்னால் தளபதிகளின் படம் போட்டுப் பேசுகிறவர்களுக்குச் சுவாரஸ்யம் குறைந்துவிடும்.

நவம்பர் 14, வியாழன் – மொய்ராங்

இம்பாலுக்குத் தெற்கே 45 கி.மீ. ஷேர் வண்டியில் ஆளுக்கு 60 ரூபாய். பாதி வழியில் செங்குன்று, மைபம் லோத்பாச்சிங். தெற்கிலிருந்து வந்த ஜப்பானின் 33ஆம் டிவிஷனின் ஒரு படை 1944 மே 20 இரவு இங்கே ஏறி உட்கார்ந்தது. இம்பாலுக்கு வெறும் 16 கி.மீ. பத்து நாள் சண்டையில் அந்தப் படையில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. அடிவாரத்தில் ஜப்பான் அரசு 1994இல் கட்டிய அமைதி நினைவிடம் இருக்கிறது, பக்கத்தில் இந்த ஜூனில்தான் திறந்த அமைதி அருங்காட்சியகம். உள்ளே சுத்தம், குளிர்ச்சி, காலணியை எங்கே வைப்பது என்பது வரை சொல்லித் தருகிறார்கள். என்னை நிறுத்தியவை ஆயுதங்கள் அல்ல. துருப்பிடித்த தண்ணீர்க் குப்பி, கண்ணாடி மருந்துப் புட்டி, பெயர் கீறிய சாப்பாட்டுத் தூக்கு.

மொய்ராங்கில் மாமா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். 1944 ஏப்ரல் 14இல் கர்னல் ஷௌகத் அலி மாலிக் இங்கேதான் ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் கொடியை ஏற்றினார். சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை 1945இல் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே மாதிரி ஒன்றை இங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். மாமா அதன் முன்னால் நின்று சல்யூட் அடித்தார். பள்ளிப் பிள்ளைகள் சிரிக்காமல் அவரோடு சேர்ந்து அடித்தார்கள்.

நம் பக்கத்தில் இதைப் பேசும்போது மலாயாத் தோட்டத் தமிழர்கள் இம்பால் வாசலில் நின்று போரிட்டதாக ஒரு சித்திரம் உண்டு. ரப்பர் தோட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தது உண்மை, பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையை நடத்திய லட்சுமி சென்னையில் பிறந்தவர் என்பதும் உண்மை. ஆனால் இம்பால் பக்கம் வந்தது சுமார் 6,000 பேர் கொண்ட முதல் டிவிஷன். அதில் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து சிறைபட்ட பழைய சிப்பாய்கள். ஜான்சி ராணிப் படை பர்மாவைத் தாண்டவில்லை. இதைச் சொன்னதும் மாமா என்னோடு ஒரு மணி நேரம் பேசவில்லை.

சமாதானம் லோக்தாக் ஏரிக்கரையில் நடந்தது. மிதக்கும் புல்திட்டுகள், பரிசல் அளவுக் குறுகிய படகுகள், பொரித்த சின்ன மீன் தட்டு 80 ரூபாய். நாலு மணிக்கு ரோட்டுக்கு வந்தால் இம்பால் வண்டி எல்லாம் போய்விட்டது. முக்கால் மணி நேரம் குளிரில் நின்ற பிறகு முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு பிக்கப் நின்றது. ஓட்டுநர் மாமாவை முன்னால் உட்காரவைத்து, என்னைக் கோஸ் மூட்டைமேல் ஏற்றிவிட்டார். இம்பாலில் இறங்கிக் காசை நீட்டினால் கும்பிட்டுவிட்டு ஆளுக்கொரு முட்டைக்கோஸும் கொடுத்துப் போய்விட்டார். விடுதியில் அதை வைத்து என்ன செய்வது? சமையல்காரரிடம் கொடுத்தோம், ராத்திரி அதுவே சிங்ஜு என்ற காய்க் கலவை ஆகி வந்தது.

நவம்பர் 15, வெள்ளி – மொரே

இம்பாலிலிருந்து பர்மா எல்லை 110 கி.மீ. சுமோவில் 400 ரூபாய், பத்துப் பேர், என் மடியில் யாரோ ஒருவரின் பை. பாலேல் வரைக்கும் சமவெளி. அங்கே இருந்த விமானத்தளத்தைக் குறிவைத்துத்தான் மே மாதத் தொடக்கத்தில் ஐ.என்.ஏ.வின் காந்தி ரெஜிமெண்ட் ஒரு ராத்திரித் தாக்குதல் நடத்தி, பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. பாலேல் தாண்டினால் மலை. தெங்னௌபால், ஷெனம் கணவாய். இங்கே ஒவ்வொரு குன்றுக்கும் சிப்பாய்கள் பெயர் வைத்தார்கள், நிப்பான் ஹில், ஸ்க்ராகி, கிரீட், ஜிப்ரால்டர் என்று. மாதக் கணக்கில் ஒரே மேட்டுக்காக அடித்துக்கொண்டார்கள். இன்று மேகம் சாலையிலேயே உட்கார்ந்திருந்தது, பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை, ஓட்டுநர் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார்.

வழியில் ராணுவச் சோதனை. எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். மாமா பையில் கறுப்பரிசி, முருகன் படம், இட்லிப் பொடி. சிப்பாய் இட்லிப் பொடியை மோந்து பார்த்து அண்ணாந்து தும்மினார். சேலம் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே பணியில் இருந்திருக்கிறார், ஓடிவந்து, "ஐயா, கொஞ்சம் கொடுத்துட்டுப் போங்க" என்றார். பாதிப் பொடி அங்கேயே போனது.

மொரேயில் இறங்கியதும் ஒரு கோபுரம். அங்காள பரமேசுவரி, முனீசுவரர் கோயில். பக்கத்துக் கடையில் தோசை 40 ரூபாய், எதிரில் பர்மா நூடுல்ஸான அத்தோ. சென்னை பர்மா பஜார் பக்கம் சாப்பிட்டவர்களுக்கு வெங்காயம், புளி, பொரித்த பூண்டு ருசி உடனே தெரிந்துவிடும். இங்கே தமிழர் வந்த கதையும் ஒரு போரில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1942இல் ரங்கூன் விழுந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள், அதில் தமிழர் ஏராளம், நடந்தே இந்தியா வந்தார்கள். தமு, பாலேல், இம்பால், திமாப்பூர் என்று ஒரு வழி. காலராவும் பசியுமாகச் செத்தவர்கள் வழியெங்கும். அப்புறம் 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது இன்னொரு அலை, இம்முறை கப்பலில். அந்த அகதிகளில் சிலருக்குத் தமிழ்நாட்டு முகாம் ஒத்துவரவில்லை. பிறந்த ஊருக்கே போகலாம் என்று இந்த வழியாக நடந்துபோனார்கள். எல்லையில் விடவில்லை. நின்ற இடத்திலேயே ஊர் போட்டுவிட்டார்கள்.

கோயில் திண்ணையில் ஒரு பெரியவர், எண்பதுக்கு மேல். மாமாவை "வாங்க தம்பி" என்றார், மாமாவுக்கு அறுபத்து நாலு. அவர் அப்பா 1942இல் நடந்தவராம். குழந்தையாக இவரைத் தோளில் வைத்து, மூட்டையில் அரிசியும் உப்பும் மட்டும். "நகையை விட்டுட்டு வந்தாங்க, உப்பை விடலே" என்றார். மழையில் நனைந்து மூட்டையில் உப்பு கரைந்து ஓடிப்போன இடத்தில்தான் அவர் அம்மா முதன்முதலாக அழுததாகச் சொன்னார். ஊரில் முன்பு தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, 1990களின் மோதல்களுக்குப் பிறகு நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு எல்லைக் கதவைத் தாண்டி நம்பாலோங் சந்தைக்குள் போனோம். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால், அதனால் சீக்கிரம் விரட்டிவிட்டார்கள். மாமா 150 ரூபாய்க்குக் கம்பளிக் குல்லா வாங்கினார். காது வரைக்கும் வராது.

நவம்பர் 16, சனி – திரும்ப இம்பால்

உடம்பு வலி. முதுகில் சுமோவின் ஒவ்வொரு பள்ளமும் பதிந்திருக்கிறது. பகல் முழுக்கத் தூங்கினேன்.

சாயங்காலம் விடுதிக்காரரின் உறவினர் ஒருவர் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். வராந்தா முழுக்க மண்ணுக்குள்ளிருந்து தோண்டியது. தோட்டா உறைகள், ஹெல்மெட், பெட்ரோல் பீப்பாய்த் தகட்டில் அடித்த வேலி. ஜப்பான் சிப்பாயின் அலுமினியத் தூக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் உள்வாங்கி அவரை விதை வடிவத்தில் இருந்தது, இடுப்பில் ஒட்டிக்கொள்ள அப்படி. உள்தட்டில் அளவுக் கோடு. அரிசிக்கு ஒரு கோடு, தண்ணீருக்கு ஒரு கோடு. அடியில் கரி இன்னும் போகவில்லை. மூடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து. யார் பெயரோ.

இங்கே கிழவர்கள் இந்தப் போரை "ஜப்பான் லான்" என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய பாட்டி குடும்பம் ஊரை விட்டு ஓடி, மழைக்காலம் முடிந்து திரும்பியபோது நெற்குதிரில் ஒரு மணி இல்லையாம். "யார் எடுத்தது?" என்று மாமா கேட்டார். "முதலில் ஒருவர், அப்புறம் இன்னொருவர்" என்று சிரித்தார். பட்டை தீட்டாத பதில்.

நவம்பர் 17, ஞாயிறு – கொஹிமா

ஏழு மணிக்குக் கிளம்பும் என்று சொன்ன வண்டி பத்து மணிக்குத்தான் நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆள் சேரவில்லை. கடைசி இரண்டு சீட்டுக்கு நாங்களே காசு தருகிறோம் என்ற பிறகுதான் சாவியைத் திருகினார். இது பின்னால் எங்களுக்கு வேட்டு வைத்தது.

செக்மாய் தாண்டி மலையேற்றம். இம்பாலிலிருந்து சுமார் 40 கி.மீ.யில் மைல்கல் 109 இருந்த இடம் வருகிறது. 1944 ஜூன் 22இல் வடக்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனும் இம்பாலிலிருந்து வந்த ஐந்தாம் இந்திய டிவிஷனும் இங்கே சந்தித்தன. சாலை திறந்தது, முற்றுகை முடிந்தது. நாங்கள் போனபோது அந்தப் பகுதியில் ஒரு லாரி குறுக்கே படுத்து, சாலை மூடிக் கிடந்தது. ஒன்றேகால் மணி நேரம்.

மாவோ எல்லையில் அனுமதிச் சீட்டைக் காட்டி நாகாலாந்துக்குள் நுழைந்தபோதே வெளிச்சம் மங்கிவிட்டது. கொஹிமாவில் ஞாயிறு என்றால் ஞாயிறு. ஒரு பெட்டிக்கடை திறந்திருக்கவில்லை, டாக்சி இல்லை, தெருவில் தேவாலயத்திலிருந்து திரும்பும் குடும்பங்கள் மட்டும், எல்லோரும் இஸ்திரி மடிப்புக் கலையாத உடையில். நாங்கள் தூசியும் மூட்டையுமாக மேட்டில் ஏறினோம். விடுதியில் சமையல்காரருக்கு விடுமுறை. மாமாவுக்குச் சர்க்கரை வேறு. வரவேற்பில் இருந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போன் செய்தார். அரைமணியில் அவர் அண்ணன் மூன்றடுக்கு டிபன் கேரியரோடு வந்தார். ஒன்றில் சோறு, ஒன்றில் மூங்கில் குருத்துப் போட்ட புகைப் பன்றிக்கறி, மாமா பன்றி சாப்பிடமாட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒன்றில் முட்டையும் பருப்பும். காசைப் பற்றிப் பேசினால் கோபித்துக்கொள்வார்கள் போலிருந்ததால் பேசவில்லை. அந்தப் பன்றிக்கறியை நான் மறக்கமாட்டேன்.

நவம்பர் 18, திங்கள் – கொஹிமா

இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. காலை எட்டு மணிக்குப் போர்க் கல்லறை. மலைச்சரிவில் படிப்படியாக 1,420 கல்லறைகள், கீழே போக்குவரத்து நெரிசலின் ஹாரன் சத்தம். எல்லோரும் படம் எடுப்பது வாசலுக்குப் பக்கத்திலிருக்கும் கல்லை. உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்ற அந்த வரிகள் உள்ள கல். மேலே ஏறிப் போனால் 917 இந்து, சீக்கியச் சிப்பாய்களின் பெயர் பதித்த நினைவிடம். அங்கே நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் இன்னொருவர் வரவில்லை.

நடு அடுக்கில் டென்னிஸ் மைதானம். மாவட்ட துணை ஆணையர் சார்லஸ் பாஸியின் பங்களா இங்கேதான் இருந்தது. பங்களா இல்லை, கோடுகளை மட்டும் வெள்ளைச் சிமெண்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் நானும் மறுமுனையில் மாமாவும் நின்று பார்த்தோம். நியமப்படி டென்னிஸ் மைதானத்தின் நீளம் 24 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மாமா குல்லாவைச் சரிசெய்வது, மூக்கை உறிஞ்சுவது எல்லாம் கேட்டது. இந்தத் தூரத்தில் ஏப்ரலில் இரண்டு பக்கமும் குழி தோண்டி உட்கார்ந்து, மாறி மாறிக் கையெறி குண்டு வீசினார்கள்.

உள்ளே இருந்தது மொத்தமே சுமார் 2,500 பேர், அதிலும் சண்டை தெரியாத எழுத்தர், சமையல்காரர் வகையறா ஏராளம். வெளியே ஜப்பான் தளபதி சாட்டோவின் 31ஆம் டிவிஷன், 15,000 வரை. ராயல் வெஸ்ட் கெண்ட், அஸ்ஸாம் ரெஜிமெண்ட், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் என்று கிடைத்ததை வைத்து ஏப்ரல் 4இலிருந்து தாக்குப்பிடித்தார்கள். தண்ணீர்க் குழாய் எதிரியின் கையில். ஆளுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர். விமானத்தில் போட்ட பாராசூட்டுகளில் பல எதிர்ப்பக்கம் விழுந்தன, அதிலிருந்த மோர்ட்டார் குண்டுகளாலேயே இவர்களை அடித்தார்கள். ஏப்ரல் 18இல் பஞ்சாப் ரெஜிமெண்ட் உள்ளே வந்து மூச்சு விடவைத்தது. அதற்குப் பிறகும் மேடு மேடாகச் சண்டை ஓடி, மே 13இல் ஒரு டாங்கியைப் பின்பக்கச் சரிவில் இறக்கிக் கிட்டத்திலிருந்து சுட்டுத்தான் இந்த மைதானத்தை மீட்டார்கள்.

சாட்டோவின் நிலைமை இன்னும் மோசம். முடகுச்சி சொன்ன அரிசியும் குண்டும் வரவே இல்லை. தந்திமேல் தந்தி கொடுத்துப் பார்த்து, கடைசியில் மே 31இல் மேலிட உத்தரவை மீறிப் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஜப்பான் ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி இப்படிச் செய்வது கேள்விப்படாத காரியம். முடகுச்சி மூன்று டிவிஷன் தளபதிகளையுமே நீக்கினார். சாட்டோ விசாரணை கேட்டார், உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்து அவருக்கு மனநிலை சரியில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தப் போர் முழுக்கக் கணக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியத் தளபதி அவர்தான். ஜூலையில் மொத்தப் படையும் பின்வாங்கியபோது கொட்டும் பருவமழை. செத்தவர்கள் சுமார் 30,000, அதில் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும். அதுவரை ஜப்பான் ராணுவம் கண்ட பெரிய தோல்வி. பர்மா திரும்பக் கைமாறியதற்கு இங்கேதான் தொடக்கம்.

நாகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வழிகாட்டியதும், குண்டு சுமந்ததும், அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு செங்குத்தில் இறங்கியதும் அவர்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது எரிந்த ஊரும் காலிக் குதிரும்.

மத்தியானம் சந்தை. தேன்குளவிப் புழு, தவளை, நத்தை, பட்டுப்புழு, எல்லாம் உயிரோடு. ராஜா மிளகாய் பத்துக் காய் 50 ரூபாய். "விருதுநகர்க்காரனுக்கு மிளகா கத்துக் குடுக்கறியா" என்று மாமா கடைக்காரம்மா முன்னாலேயே ஒரு துணுக்கைக் கடித்தார். அடுத்த இருபது நிமிடம் நான் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரம்மா பழத்துக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் விழுந்து விழுந்து சிரித்தார்.

நவம்பர் 19, செவ்வாய் – திமாப்பூர்

74 கி.மீ., ஐந்தரை மணி நேரம். நான்குவழிச் சாலை போடுகிறோம் என்று மலையையே அறுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் வாய்க்குள் மண். ஜோட்சோமா, ஜூப்ஜா என்று பெயர்ப்பலகைகள். மீட்புப் படையும் பீரங்கியும் வந்தது இந்த வழிதான், மழையில்.

மண் சரிந்து நின்ற இடத்தில் மாமா டீக்கடை ரசீதின் பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட ஆரம்பித்தார். 85,000 பேர், ஆளுக்கு அரைக்கிலோ அரிசி, நாளுக்கு 42.5 டன். மூன்று வாரத்துக்குக் கிட்டத்தட்ட 900 டன். நூறு நாளைக்கு 4,250 டன். லாரி போகாத மலை, தலைச்சுமை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பவும் கூட்டினார். "எந்த மேனேஜரும் இந்த லோனைக் குடுக்கமாட்டான் மாப்ளே" என்றார். சரி, ஒத்துக்கொண்டுவிட்டார் என்று பார்த்தால், "ஆனா இது ஜப்பான்காரன் போட்ட பட்ஜெட். நேதாஜி பிரம்மபுத்திராவைத் தாண்டியிருந்தா ஊரே சோறு போட்டிருக்கும்" என்றார். பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்து ஒரு வருடம்கூட ஆகாத வங்காளமா சோறு போட்டிருக்கும் என்று நான் கேட்டேன். முன் சீட்டில் இருந்த அஸ்ஸாம்காரர் மாமா பக்கம் சேர்ந்துகொண்டார்.

திமாப்பூரில் வெயில், கொசு, 90 ரூபாய்க்கு முழுச் சாப்பாடு. ரயில் மூன்று மணி நேரம் தாமதம். அஸ்ஸாம்காரரும் அதே பெட்டி. லும்டிங் தாண்டும்வரை இருவரும் என்னை விடவில்லை.